குரலற்றோர் கருத்தரங்கில் ஒரு குறட்டை

பசி, தாகம், படுக்க ஒரு கூரை என்கிற சில்லறை விவகாரங்களை எல்லாம் மனித குலம் ஒருவழியாகத் தாண்டி, இதற்கு மேல் ஏற இடமில்லை என்று நின்று மூச்சு வாங்குகிற உச்சி ஒன்று உண்டு. அதை இமயமலையில் தேடிப் பயனில்லை. போர்ட் பிளேரில், எங்கள் கல்லூரியின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் இருக்கிறது. வாசலில் 'எம்.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு' என்று எழுதியிருக்கும்.

இதை நான் யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. அந்த மாடிக்குத் தளம் போட்டபோது ஜல்லி சுமந்தவன் நான். மூன்று வருடம் கழித்து அதே தளத்தின் மேல் மாணவனாகப் போய் உட்கார்ந்தேன். தான் படிக்கும் துறை எதன்மேல் நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் எந்த அறிஞருக்கும் தெரியாது. எங்கள் துறை எத்தனை மூட்டை சிமெண்டில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை மூட்டையில் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே இரண்டு வருடமும் சுவரோரமாகவே உட்கார்ந்தேன்.

முதல் பருவம் முடிவதற்குள் எனக்குக் கண் திறந்துவிட்டது. அதுவரை நான் வெயிலில் மண் சுமக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன அறியாமை. உண்மையில் என் உடல் ஒரு 'பிரதி'. அதன்மேல் 'அதிகாரம்' தன்னை எழுதிக்கொண்டிருந்தது. முதுகில் வலிக்கிற இடமெல்லாம் எழுத்து. இதை அன்று சாயங்காலமே சிப்பிகாட்டில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் விளக்கினேன்.

"எழுத்தோ கிழுத்தோ, திரும்பிப் படுறா. தைலம் தேச்சு விடுறேன்" என்றாள் அம்மா.

என் அம்மா ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் அப்பாவோடு கப்பலேறி வந்தவள். அப்பா போய்ப் பத்து வருடமாகிறது. அம்மா இன்னும் சித்தாள் வேலைக்குப் போகிறாள். கட்டடம் கட்டுகிற இடத்தில் சாந்துச் சட்டி சுமப்பாள். அவளுக்கு இலக்கியக் கோட்பாடுகள் எதுவும் தெரியாது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் துறையில் யாரும் புத்தகங்களைப் படிப்பதில்லை. அது இளங்கலைக்காரர்கள் செய்கிற வேலை. நாங்கள் புத்தகங்களைப் பற்றிய புத்தகங்களைப் படித்தோம். சரியாகச் சொன்னால், அவற்றைப் பற்றி மெயின்லேண்டிலிருந்து வரும் கைடுகளைப் படித்தோம். நான் ஒருமுறை ஆசை மிகுதியால் ஒரு நாவலை நூலகத்தில் எடுத்து முழுதாகப் படித்துவிட்டேன். வகுப்பில் அதில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். எல்லோரும் என்னை, பந்தியில் இலையையும் சேர்த்துத் தின்றவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இவ்வளவு மேன்மையான படிப்புக்கு நடுவே எனக்கு ஒரே ஒரு அற்பமான தொந்தரவு இருந்தது. வேலை. தீவில் சிமெண்டு முளைப்பதில்லை. கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்த மறுநாள் முதல் மூட்டை தீரும்வரை எல்லாக் கட்டடங்களிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். கான்டிராக்டர் துரைசாமி ஆள் ஆளாகக் கூப்பிட்டு அனுப்புவார். அப்போது 'மஸ்டர் ரோல்' என்கிற கூலி வருகைப் பதிவேட்டில் பெயர் விழாதவனை அவர் அப்புறம் கூப்பிடவே மாட்டார். ஆக, சிமெண்டுக் கப்பல் வந்தால் எனக்கு வேலை, வராவிட்டால் வகுப்பு. என் கல்வியாண்டைப் பல்கலைக்கழகம் நிர்ணயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது. வானிலை நிலையம்தான் நிர்ணயித்தது. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமான மாதங்களில் நான் நன்றாகப் படித்தேன்.

அந்த வருடம் கடல் அமைதியாக இருந்து தொலைத்தது.

பிப்ரவரியில் கல்லூரி அலுவலகத்திலிருந்து சுகுணா அக்கா கூப்பிட்டார். பரீட்சை எழுத எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும். எனக்கு எழுபத்தொன்று.

"நாலுதானேக்கா. ரவுண்டு பண்ணிவிடுங்க."

"நீ என்ன பூரியா, ரவுண்டு பண்ண? ஹெச்.ஓ.டி. கிட்டப் போ. அவர் மன்னிப்பு லெட்டர் குடுத்தா ஏத்திக்கிறேன்."

நான் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். புரோத்ராபூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை எனக்காகக் காத்திருந்தது. 'மே மாதம் பட்டத்தை முடி, ஜூனில் வந்து சேர்' என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். ஜூனில் நான் சாக்பீஸைப் பிடித்தால் அம்மா சட்டியை இறக்கலாம். அவள் முழங்காலில் ஏற்கெனவே 'அதிகாரம்' நிறைய எழுதிவிட்டது. இலக்கியத்தின் பயன் பற்றி எங்கள் வீட்டில் இதற்குமேல் கொள்கை விளக்கம் கிடையாது.

ஹெச்.ஓ.டி. முனைவர் பாலகுமார் சாரைப் போய்ப் பார்த்தேன். சார் இருபது வருடமாகக் குரலற்றவர்களின் குரலாக இருந்து வருகிறார். அவர் பேச ஆரம்பித்துவிட்டால் குரல் உள்ளவர்களாலும் குறுக்கே பேச முடியாது. அவ்வளவு ஈடுபாடு.

"நல்ல நேரத்துல வந்தே ராஜவேல். நேஷனல் செமினார் நடத்தறோம். 'குரலற்றோரின் குரல்: தீவுகளில் உழைப்பும் மௌனமும்'. இதுல பங்களிப்புச் செய்யற ஸ்டூடன்ட்ஸுக்கு அஞ்சு பர்சென்ட் அட்டெண்டன்ஸ்."

எனக்கு உடம்பு புல்லரித்தது. உழைப்பைப் பற்றி மாநாடு. வகுப்பில் இருபத்திரண்டு பேரில் உழைப்பவன் நான் ஒருவன்தான். வெளியூர் ஆட்டக்காரர்கள் வராத கபடிப் போட்டியில் இறங்குவது போல இருந்தது.

"சார், நானே கட்டுரை வாசிக்கிறேன். தளம் போடுற அன்னிக்கு என்ன நடக்கும்னு, காலையிலேர்ந்து ராத்திரிவரை."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லுமுன் அவர் அப்படிச் செய்வார்.

"நீ உள்ளேயே இருக்கே ராஜவேல். ஆய்வுக்குத் தூரம் வேணும். க்ரிட்டிக்கல் டிஸ்டன்ஸ்."

"எவ்வளவு தூரம் சார்?"

"அதை மீட்டர்ல சொல்ல முடியாதுப்பா."

"சுமாரா சொல்லுங்க. தள்ளி நிக்கிறேன்."

சார் யோசித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவளைக் காட்டி, "வைஜெயந்தி மாதிரி" என்றார்.

வைஜெயந்தி என் வகுப்புத் தோழி. கான்டிராக்டர் துரைசாமியின் மகள். குட்வில் எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில் வீடு. எதிர்மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தால் ஒரு சித்தாள் கட்டைவிரல் உயரம் தெரிவாள். ஆய்வுக்கு உகந்த அளவு அதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். நல்ல பெண். டிபன் பாக்ஸில் பாதியை எப்போதும் எனக்குத் தள்ளிவிடுவாள். கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டாள்: 'சாந்துச் சட்டியும் சொல்லற்ற உடலும்'.

"அப்ப நான் வைஜெயந்திக்குத் தகவல் சொல்றேன் சார். அதுவும் பங்களிப்புதானே?"

"அச்சா, நல்ல ஐடியா" என்று வைஜெயந்தி உடனே நோட்டைத் திறந்தாள். "சிமெண்டு மூட்டை தூக்கும்போது உனக்கு என்ன தோணும்?"

நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன். நான்கு சதவீதம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"மூட்டையும் நானும் ஒருவரை ஒருவர் கட்டமைத்துக்கொள்கிறோம் என்று தோன்றும்."

சார் கையை உயர்த்தி நிறுத்தினார். பெருமூச்சு விட்டார்.

"பாத்தியாம்மா, கெட்டுப்போச்சு. ரெண்டு வருஷம் நம்மகிட்ட உட்கார்ந்து அசல் போயிடுச்சு."

"கெடுத்தது நீங்கதானே சார்."

"அதுக்கு வருத்தப்படறேன். ஆனா உன்னை டேட்டாவா ஏத்துக்க முடியாது."

ஆகவே நிலைமை இவ்வாறு தெளிவடைந்தது. உழைப்பவன் என்பதால் நான் ஆய்வாளனாக முடியாது. ஆய்வு படித்ததால் உழைப்பாளியாகவும் முடியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி மட்டும் என்னைப் பழைய பாசத்தோடு முழு உழைப்பாளியாகவே ஏற்றுக்கொண்டு இரண்டு லாரி மணலைக் காட்டினார். அவருக்குக் கோட்பாட்டுப் பயிற்சி இல்லை.

அதற்குமுன் சார் என்னிடம் இன்னொன்று கேட்டிருந்தார்.

"உங்க வீட்ல படிக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க சார். சித்தாள் வேலைதான்."

சார் முகத்தில் விளக்கு எரிந்தது. "மௌனமானவங்களா?"

என் அம்மாவின் குரலை நினைத்துப் பார்த்தேன். பிறகு எழுபத்தொன்றை நினைத்துப் பார்த்தேன்.

"ரொம்ப சார்" என்றேன்.

*

கள ஆய்வு புரோத்ராபூர் கட்டடத்தில் நடந்தது. சார் தொப்பி போட்டு வந்திருந்தார். வைஜெயந்தி ஒப்புதல் படிவத்தை அம்மாவுக்கு முன் நின்று வாசித்தாள்.

"இந்த ஆய்வுனால உங்களுக்கு மனசளவில ஏதாவது பாதிப்பு வந்தா, நீங்க எப்ப வேணா விலகிக்கலாம்."

"வேலையிலருந்தா தாயி?"

"இல்லம்மா, இன்டர்வியூவிலருந்து."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. "நின்னு பேசுனா மேஸ்திரி வைவான். கூடவே நடந்துக்கிட்டே கேளு."

கலவை மெஷினிலிருந்து சுவர்வரை நாற்பது தப்படி. அம்மா சட்டியோடு முன்னால் போனாள். வைஜெயந்தி நோட்டோடு பின்னால் போனாள். சார் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதற்கும் பின்னால் போனார். மூன்றாவது நடையில் சாருக்கு வேர்த்தது. ஐந்தாவது நடையில் தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, அங்கிருந்தே வழி நடத்தினார். வெயிலின் கொடுமை பற்றி அவருக்கு ஏற்கெனவே மூன்று நூல்கள் உண்டு.

"உங்க மௌனம் எப்ப ஆரம்பிச்சுதும்மா?" என்று வைஜெயந்தி கேட்டாள்.

"என்னது?"

"பேசாம இருக்கிறது."

அம்மா நடந்துகொண்டே யோசித்தாள். "காலைல பல்லு வெளக்கையில செத்த நேரம் பேசமாட்டேன்."

"வேற எப்பவும்?"

"வேற எதுக்குப் பேசாம இருக்கணும்? நான் யார் குடியைக் கெடுத்தேன்?"

அதன்பிறகு அம்மா நாற்பது நிமிடம் பேசினாள். கப்பலில் வந்தபோது வாந்தியெடுத்ததைச் சொன்னாள். மேஸ்திரிக்கு மட்டக்கோல் பார்க்கத் தெரியாததைச் சொன்னாள். எனக்குப் பெண் பார்க்கிற விவரத்தைச் சொல்லி, வைஜெயந்திக்குத் தெரிந்த இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் விடு. பத்துப் பொம்பளை இருக்கோம் இங்கிட்டு. ஒரு கக்கூஸ் இல்ல. அந்தா தெரியுதுல்ல புதரு, அங்கதான் போகணும். போன மாசம் பூரான் கடிச்சு ஒருத்தி ஆஸ்பத்திரில கெடந்தா. இந்தத் துரைசாமிப் பய ஊருக்கெல்லாம் ரூமுக்கு ஒரு கக்கூஸ் வச்சு மாடி கட்டுறான். எங்களுக்கு நாலு தகரம் நிறுத்தி ஒரு மறைப்புக் கட்ட அவனுக்கு மனசு வரல."

வைஜெயந்தி நின்றாள். சட்டியோடு அம்மாவும் நின்றாள்.

"அது எங்க அப்பா" என்றாள் வைஜெயந்தி மெதுவாக.

"அப்படியா தாயி? சௌரியமாப் போச்சு. சாயந்தரம் வீட்டுக்கு வந்தா ஞாபகமாச் சொல்லிரு."

திரும்பிப் போகும்போது ஜீப்பில் சார் கவலையாக இருந்தார். "டேட்டா ஜாஸ்தியா இருக்கு. இதுக்குள்ள மௌனத்தை எங்க தேடறது?"

வைஜெயந்தி ஒலிப்பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். "நடுவுல எச்சில் முழுங்கறாங்க சார். மூணு தடவை."

"அதை எடுத்துக்கோ. ப்யூட்டிஃபுல்."

கட்டுரை அந்த மூன்று விழுங்கல்களின் மேல் எழுந்தது. பதினெட்டுப் பக்கம். கழிப்பறைப் பகுதியை மட்டும் சார் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் எழுதினார்: 'இது கோரிக்கை. இலக்கியம் இல்லை.' வைஜெயந்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அப்பாவிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

*

கருத்தரங்க நாள் வந்தது. நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருந்தது. 'அரங்க அமைப்பு: ராஜவேல், எம்.ஏ. இரண்டாம் ஆண்டு.' கருத்தரங்கக் கூடம் இரண்டாவது மாடி. நாற்காலிகள் தரைத்தளம். லிப்ட் இன்னும் மெயின்லேண்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

"இதுவும் பங்களிப்புதான் ராஜவேல்" என்றார் சார். "அறிவுக்கு ஒரு ஆசனம் போடறே. அஞ்சு பர்சென்ட் உறுதி."

நான் இருநூறு ஆசனங்கள் போட்டேன். ஒரு நடைக்கு நான்கு.

அம்மாவுக்கு மேடையில் இடம். கட்டுரை வாசிக்கும் நேரம் முழுவதும் அவள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளே கொண்டு வந்த சட்டியில் காய்ந்த சிமெண்டு ஒட்டியிருந்ததால், மேடை விரிப்பைக் கருதிப் புதுச் சட்டி வாங்கியிருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு மைக்கும் உண்டு. அதை அணைத்து வைக்க ஏற்பாடு. மறுக்கப்பட்ட குரலின் குறியீடு என்று சார் விளக்கினார். புடவையில் குத்திய அட்டையில் ஆங்கிலத்தில் 'குரலற்றவர்' என்று அச்சடித்திருந்தது. பெயருக்கு இடம் போதவில்லை.

"என்னடா போட்டிருக்கு இதுல?"

"சிறப்பு விருந்தினர்னு போட்டிருக்கும்மா."

"நம்மள மதிச்சுக் கூப்பிட்டிருக்காக" என்று அட்டையை நேராக்கிக்கொண்டாள். "நான் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

"சும்மா உக்காந்திருக்கவா கூலி விட்டுட்டு வந்தேன்?"

"என் அட்டெண்டன்ஸ்மா."

அவள் புதுச் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து பேராசிரியர் இந்திராணி விமானத்தில் வந்து தலைமை தாங்கினார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒவ்வொருவராக எழுந்து, மற்றவர்கள் எல்லாம் எவ்வளவு பெரியவர்கள் என்பதை ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார்கள். மதியம் பிரியாணி என்ற செய்தி மற்றத் துறைகளுக்கும் எட்டிவிட்டதால், குரலற்றோர்மேல் அக்கறை கொண்டவர்கள் திடீரென்று பெருகினார்கள். உட்கார இடமில்லை. சார் மேடையிலிருந்து எனக்குக் கையைக் காட்டினார். இன்னும் ஐம்பது.

நான் கீழே போய், கையில் நான்கு நாற்காலியோடு திரும்பி வாசலுக்கு வந்தபோது வைஜெயந்தி வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் விழுங்கல் நடந்துகொண்டிருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்கத் தளம் போட்ட உடம்பு. வாழ்க்கையில் முதன்முதலாக மெத்தை வைத்த நாற்காலி. முதன்முதலாக ஏ.சி. புரியாத பாஷையில் மெல்லிய குரல். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

மைக்கை அணைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரர் கோகுலிடம் சொல்லியிருந்தார்கள். கோகுல் எம்.ஏ. படிக்காதவர். ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் மைக் வேலை செய்யவில்லையென்றால் தன்னைத்தான் திட்டுவார்கள் என்று நினைத்துப் போட்டுவிட்டார்.

எட்டு ஒலிபெருக்கிகளில் என் அம்மாவின் குறட்டை கூடத்தை நிறைத்தது.

அது எனக்குப் பழகிய குறட்டைதான். சிப்பிகாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு மணி சொல்வார்கள். ஆனால் கூடம் இதுவரை அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வைஜெயந்தி வாசிப்பதை நிறுத்தினாள். பாலகுமார் சார் முகம் வெளுத்தது. நான் நாற்காலிகளை இறக்காமலேயே நின்றேன்.

பேராசிரியர் இந்திராணி மெல்ல எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"யாரும் எழுப்பாதீங்க" என்றார். "இது தூக்கம் இல்லை. மறுப்பு."

கூடம் மூச்சைப் பிடித்தது. முன்வரிசையில் ஒருவர், குறட்டை மொழிக்கு முந்தியது என்றார். இன்னொருவர், இல்லை, மொழிக்குப் பிந்தியது என்றார். வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர் அது மொழிக்கு நடுவில் வருகிறது என்று சமரசம் செய்தார். அம்மா ஒரு இடத்தில் மூச்சை நிறுத்தி, புரண்டு, வேறு சுருதியில் தொடர்ந்தாள். "அந்த இடைவெளியைக் கவனிச்சீங்களா" என்று பேராசிரியர் கேட்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சத்தத்தில் அம்மா விழித்தாள். கான்டிராக்டர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். கைதட்டல் இரட்டித்தது. கொஞ்ச நேரம் மலங்க விழித்தாள். பிறகு, மைக்கில் தெளிவாகக் கேட்டாள்:

"முடிஞ்சுதா? சாப்பாடு எங்கிட்டுப் போடுறாக?"

பேராசிரியர் இந்திராணி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். உலக மூலதனத்தை நோக்கி எழுப்பப்பட்ட இறுதிக் கேள்வி என்று நிறைவுரையில் குறிப்பிட்டார். பதில் மட்டும் பாலகுமார் சார்தான் சொன்னார்: "கீழே, ரெண்டாவது ஹால்."

நான் மீதி நாற்காலிகளை எடுக்கக் கீழே போனேன்.

*

ஏப்ரலில் சுகுணா அக்கா மறுபடி கூப்பிட்டார்.

"எழுபது."

"எழுபத்தாறு இருக்கணுமேக்கா. அஞ்சு ஏத்தணும்."

"செமினார்ல உன் கையெழுத்து இல்லையே. பதினொன்னேகாலுக்கு ரெஜிஸ்டர் ஹாலுக்குள்ள சுத்திச்சு. உள்ள இருந்தவங்க எல்லாம் போட்டிருக்காங்க."

"நான் நாற்காலி தூக்கப் போயிருந்தேன்."

"அதான் சொல்றேன். நீ ஹாலுக்குள்ள இல்ல. செமினார் நாளும் வேலை நாள்தான். அதுலயும் நீ ஆப்சென்ட். அதனால ஒண்ணு குறைஞ்சுது." அக்கா தாளைப் புரட்டினார். "இதுல ஒச்சம்மானு ஒரு கையெழுத்து இருக்கு. அதுக்கு அஞ்சு ஏத்தியாச்சு. ரோல் நம்பர்தான் கிடைக்கல. யாருன்னு தெரியுமா?"

மேடையில் இருந்தவர்களுக்கும் பதிவேட்டை நீட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியும். விழித்த கையோடு போட்டிருக்கிறாள்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப நான் போயி எழுதட்டா?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் தைலப் பாட்டிலை மூடினாள். திருகு சரியாக விழாமல் மூன்று தடவை திருகினாள்.

பாலகுமார் சாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனா பதிவில இல்லாத ஒருத்தனோட இருப்பை எப்படி நிரூபிக்கறது? அருமையான சிக்கல் ராஜவேல். அடுத்த வருஷ செமினாருக்கு இதையே தலைப்பா வச்சுடலாம்."

"எனக்கு இந்த வருஷப் பரீட்சை சார். மன்னிப்பு லெட்டராவது குடுங்க."

"லெட்டருக்கும் ரெஜிஸ்டர்ல கையெழுத்து வேணும். ரூல் என் கையில இல்லப்பா. ஒரு வருஷம்தானே. இந்த அனுபவத்தை விட்டுடாதே. இப்படியே இரு."

அவர் என்மேல் வைத்திருக்கும் அன்புக்கு அளவே இல்லை. என்னை எதற்காகவும் மாற்றிவிட அவருக்கு மனம் வரவில்லை.

புரோத்ராபூர்ப் பள்ளி பிரின்சிபாலும் நல்லவர்தான். ஒரு வருடம் பிள்ளைகளை ஆங்கிலம் இல்லாமல் வைத்திருக்க முடியாது என்று சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

*

மே மாதத்தில் முதல் பரீட்சை வந்தது. எங்கள் கல்லூரி வழக்கப்படி, ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் மேசைகளை எல்லாம் கூடத்துக்கு ஏற்றி, முடிந்ததும் இறக்க வேண்டும். கல்லூரி கான்டிராக்டரிடம் இரண்டு ஆள் கேட்டிருந்தது. துரைசாமி அனுப்பிய இரண்டு பேரில் ஒருவன் நான். கட்டடத்துக்கு வழி தெரிந்தவன் என்று சிபாரிசு.

மேசைகளில் பதிவெண் ஒட்டியிருந்தார்கள். ஸ்டிக்கரை ஜனவரியிலேயே அச்சடித்திருந்ததால் என் எண்ணும் இருந்தது. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். நல்ல காற்று வரும் இடம். அந்த மேசையை நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். மறுநாள் காலை மணி அடித்தது. நான் வெளியே வந்து வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன்.

முடிந்து முதலில் வந்தவள் வைஜெயந்தி. என்னைப் பார்த்ததும் சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள். பிறகு வந்து பக்கத்தில் நின்றாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"ஈஸிதான். பதினஞ்சு மார்க் கேள்வி நம்ம செமினார் மாதிரியே. 'உழைக்கும் மக்களின் குரல் இலக்கியத்தில் ஏன் கேட்பதில்லை? விவாதி.'"

"எத்தனை பக்கம் எழுதினே?"

"ஏழு. அடிஷனல் ஷீட் வாங்கினேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீயா இருந்தா எவ்வளவு எழுதியிருப்பே?"

"ஒரு வரி."

"சொல்லேன்."

"ரெஜிஸ்டர் சுத்தும்போது அவங்க உங்களுக்கு நாற்காலி தூக்கிட்டிருந்தாங்க."

வைஜெயந்தி பையிலிருந்து நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதினாள். படித்த பெண், நல்ல வரியை விடமாட்டாள்.

"இதை என் பிஎச்.டி.ல வைக்கணும் ராஜவேல். சத்தியமா. ஆனா சோர்ஸ் கேப்பாங்க. உன் பேர் எந்த ரெஜிஸ்டர்லயும் பதிவாகலையே. என்னன்னு காட்டறது?"

நான் கூடத்துக்குள் போய் என் எண் ஒட்டிய மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"உங்க அப்பாவோட மஸ்டர் ரோலைக் காட்டு" என்றேன். "அங்க எனக்கு நூறு பர்சென்ட் அட்டெண்டன்ஸ்."